கேள்வி பதில்: சியோலில் ஒரு பழைய சிறை

(போன இதழில் கொரியப் பயணத்தைப் பற்றி எழுதும்போது, "ஒரு முழு மத்தியானத்தைச் சிறையில் கழித்தேன்" என்று ஒரே வரி எழுதிவிட்டு சாப்பாட்டுக் கதைக்குத் தாவிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கொஞ்சம் வருத்தம்தான்.)

சிறையில் கழித்தேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, என்ன சிறை, எதற்குப் போனீர்கள்?
– வாசகி, கும்பகோணம்

பயப்படாதீர்கள் அம்மா, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனேன். சொடேமுன் சிறை வரலாற்றுக் கூடம் என்று பெயர். ஜப்பானியர்கள் 1908-ல் திறந்த சிறை. 1987 வரை, அதாவது ஏறக்குறைய 80 வருடம், ஆட்கள் உள்ளே இருந்த இடம். பிறகு கைதிகளை சியோலுக்குத் தெற்கே உய்வாங் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, மிச்சம் வைத்தவற்றைச் சுற்றி 1992-ல் பூங்கா அமைத்து, 1998-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் மெட்ரோ ரயிலை விட்டு மேலே ஏறினால் எதிரே நிற்கிறது, சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். பால்கனியில் துணி காய்கிறது, அதற்குக் கீழே காவல் கோபுரம். எதற்குப் போனேன் என்றால், மழை வந்தது, ஒதுங்க இடம் தேடினேன். உண்மையான காரணம் அவ்வளவுதான். உள்ளே போனபிறகு மழை நின்றதுகூடத் தெரியவில்லை.

சொடேமுன் என்றால் சிறை என்று அர்த்தமா?
– வாசகர், வேலூர்

இல்லை. மேற்குப் பெருவாசல் என்று அர்த்தம். பழைய நகரத்து மதிலுக்கு நான்கு பக்கமும் பெரிய வாசல்கள் இருந்தன, அதில் மேற்கு வாசலின் பெயர் அந்த வட்டாரத்துக்கே நிலைத்துவிட்டது. வாசலைத் தேடிப் போகாதீர்கள், டிராம் பாதைக்கு இடைஞ்சல் என்று 1915-ல் ஜப்பானியர்கள் இடித்துவிட்டார்கள். வாசல் போய்விட்டது, அதன் பெயரை வாங்கிக்கொண்ட சிறை நிற்கிறது.

கொரியா ஜப்பானிடம் அடிமையானது 1910-ல் என்று படித்திருக்கிறேன். நீங்கள் 1908-லேயே சிறை கட்டினார்கள் என்கிறீர்களே, தேதி தப்பா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

தேதி சரிதான் ஐயா, நல்ல கேள்வி. 1905-லேயே ஓர் ஒப்பந்தத்தைத் திணித்து வெளியுறவை ஜப்பான் எடுத்துக்கொண்டுவிட்டது. 1907-ல் மன்னரைப் பதவியிலிருந்து இறக்கி, இருந்த படையையும் கலைத்தார்கள். கலைக்கப்பட்ட சிப்பாய்கள் சும்மா வீட்டுக்குப் போவார்களா? துப்பாக்கியோடு மலைக்குப் போய், ஏற்கெனவே அங்கங்கே கிளம்பியிருந்த 'நேர்மைப் படை' என்ற மக்கள் படைகளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பிடித்து அடைக்க இடம் வேண்டுமே. அதுதான் இந்தச் சிறை. நாட்டை முழுசாக விழுங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே, எதிர்க்கப்போகிறவனுக்கு அறை கட்டி வைத்துவிட்டார்கள். 500 பேருக்கென்று கட்டியது. 1919-ல் நாடு முழுக்க விடுதலை கேட்டு ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள் அல்லவா, மார்ச் 1 இயக்கம், அப்போது இங்கே 3,000 பேர் வரை அடைத்தார்கள். அப்புறம் கட்டினார்கள், இடித்துக் கட்டினார்கள், சேர்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற சிவப்புச் செங்கல் கட்டடங்கள் அந்தப் பிந்தைய வேலைதான்.

அந்தமான் செல்லுலார் சிறை மாதிரி இருக்குமா?
– வாசகர், காரைக்குடி

நடுவில் ஒருவன் நின்றால் எல்லா வரிசையும் தெரிய வேண்டும் என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. சொடேமுனில் நடு அறையிலிருந்து மூன்று நீளமான கட்டடங்கள் விசிறி மாதிரி பிரிகின்றன. அந்தமானில் ஏழு பிரிவுகள் இருந்தன, இப்போது மூன்றுதான் மிச்சம். ஆனால் தண்டனை முறை நேரெதிர். அந்தமானில் ஆளுக்கொரு கொட்டடி, அடுத்தவன் முகமே தெரியக்கூடாது, தனிமையே தண்டனை. இங்கே நெரிசலே தண்டனை. படுக்க இடமில்லாமல் முறைவைத்துத் தூங்கினார்கள்.

பள்ளி மாணவி ஒருத்தி அங்கே இறந்தாள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். யார் அவள்?
– ஆசிரியை, ஈரோடு

யூ குவான்சுன். கொரியாவில் இந்தப் பெயர் தெரியாத குழந்தை கிடையாது. 1902-ல் பிறந்தவள், சியோலில் இஹ்வா பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். மார்ச் 1 ஊர்வலங்களுக்குப் பிறகு பள்ளிகளை மூடிவிட்டார்கள். பள்ளியை மூடினால் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியவில்லை. இவள் ஊருக்குப் போய், ஊர் ஊராக ஆள் சேர்த்து, ஏப்ரல் 1 அன்று அவுனே சந்தையில் கூட்டம் கூட்டினாள். சந்தை நாள், ஜனம் நிறைய. 'மான்சே' என்று கத்தினார்கள், பத்தாயிரம் ஆண்டு வாழ்க என்று அர்த்தம், நம்ம ஊர் 'வாழ்க' மாதிரிதான். போலீஸ் சுட்டது. அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் அந்தச் சந்தையிலேயே செத்தார்கள். அவளைப் பிடித்து வழக்கு நடத்தி, முடிவில் மூன்று வருடத் தண்டனையோடு சொடேமுனுக்குக் கொண்டுவந்தார்கள்.

பெண்கள் சிறையில் 8-ஆம் எண் அறை. அந்தச் சின்ன அறையில் இவளோடு இருந்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை, ஏனென்றால் சிலை இவளுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். சுவோன் ஊரைச் சேர்ந்த ஒரு கீசெங், அதாவது விருந்துகளில் ஆடிப் பாடுவதைத் தொழிலாகக் கொண்ட பெண், தன் கூட்டத்துப் பெண்களோடு ஊர்வலம் போனதற்காக வந்தவள். கண் தெரியாத ஒருத்தி. கிறித்தவ ஊழியம் செய்த ஒரு அம்மா. வெளியே இருந்தால் ஒரே திண்ணையில் உட்கார வாய்ப்பே இல்லாதவர்கள். மறு வருடம் 1920 மார்ச் 1 அன்று சிறைக்குள்ளேயே மறுபடி 'மான்சே' எழுப்பினார்கள், அறை அறையாகப் பரவியது. அதற்குப் பிறகு நடந்த அடியிலும் சித்திரவதையிலும் உடம்பு தேறவே இல்லை. செப்டம்பர் 28 அன்று இறந்தாள். பதினெட்டு வயது முடியவில்லை.

அந்தப் பெண்கள் சிறையை இடையில் இடித்துவிட்டார்கள். திரும்பக் கட்டி 2013-ல் திறந்தார்கள். அதனால் நீங்கள் பார்ப்பது அசல் அறை இல்லை. ஆனாலும் வாசலில் குனிந்து உள்ளே பார்க்கும்போது அதெல்லாம் ஞாபகம் வரவில்லை.

பேச விடாமல் வைத்திருந்தால் கைதிகள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

சுவரைத் தட்டித்தான். கொரிய எழுத்தும் நம்ம எழுத்து மாதிரி மெய்யும் உயிரும் சேர்ந்து உருவாவது. அவர்களுக்கு அடிப்படை மெய் 14, உயிர் 10. எத்தனையாவது எழுத்தோ அத்தனை தட்டு. பொறுமை இருந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு முழு வாக்கியமே அனுப்பலாம். தமிழில் தட்டியிருந்தால் 'வாழ்க' என்பதில் 'ழ'வுக்கு மட்டும் 15 தட்டு, அதற்குள் காவலர் வந்திருப்பார்.

இதோடு இன்னொன்று சொல்ல வேண்டும், நான் அங்கே ரொம்ப நேரம் நின்று பார்த்தது இதைத்தான். கொட்டடிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன மரக்கட்டை. உடம்பு முடியவில்லை, அவசரம் என்றால் கைதி உள்ளேயிருந்து அதைத் தள்ளுவான், வெளியே நடைபாதைப் பக்கம் அது தொங்கி நிற்கும், பழைய ரயில்வே கைகாட்டி மாதிரி. காவலர் பார்த்தால் வருவார். வருவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். 'பேதோங்' என்று சொல்கிறார்கள். அந்தக் கட்டையை எத்தனை கை தள்ளியிருக்கும் என்று யோசித்தேன். கூப்பிட மட்டும் உரிமை இருக்கிறது, வரவைக்க உரிமை இல்லை.

நடை பழகும் இடமும் இதே புத்திதான். ஒரு வட்டத்தில் பாதியை விசிறி மாதிரி சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஓர் ஆள், விசிறியின் காம்பில் மேடை போட்டுக் காவலர். வெயில் கிடைக்கும், பேச்சுத்துணை கிடைக்காது.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? சித்திரவதைக் காட்சி எல்லாம் இருக்கிறதாமே.
– வாசகி, கோவை

இருக்கிறது. நுழைந்ததும் வருகிற பெரிய கட்டடம் பழைய அலுவலகம், அதன் கீழ்த்தளத்தில் விசாரணை அறைகள். அங்கே ஆளுயர பொம்மைகளை வைத்து நகத்தில் ஊசி ஏற்றுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் காட்டியிருக்கிறார்கள். சுவரில் நிற்க மட்டும் இடம் விட்ட ஒரு மரப்பெட்டி, உட்காரவும் முடியாது, சாயவும் முடியாது, அதில் நாள்கணக்கில் நிறுத்துவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பொம்மைகளை எடுத்துவிடலாம். நான் போன அன்று ஒரு பள்ளிக் கூட்டம் வந்திருந்தது, பையன்கள் பொம்மை முன்னால் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பொம்மை என்றால் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள், நம்ம ஊர்ப் பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குள் போய்விட்டு வந்து சிரிப்பதில்லையா. அதே பையன்கள் மேலே ஓர் அறைக்கு வந்தார்கள். தரையிலிருந்து மேல்வரை சுவர் முழுக்கக் கைதிகளின் அடையாள அட்டைகள், சுமார் 5,000. ஒவ்வொன்றிலும் முகம், பெயர், வயது. அங்கே சத்தம் அடங்கிவிட்டது. ஒருவன் தன் குடும்பப் பெயர்க்காரரைத் தேட ஆரம்பித்தான், கொரியாவில் பாதிப் பேர் கிம், லீ, பார்க்தானே, நிறையக் கிடைத்தது.

பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போங்கள், கீழ்த்தளத்தை விட்டுவிடுங்கள்.

தூக்குமேடைக்குப் பக்கத்தில் அழுகிற மரம் இருக்கிறதாமே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

இருந்தது. 1923-ல் மரத்தாலான தூக்கு அறையைக் கட்டியபோது மதிலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு நெட்டிலிங்கம் மாதிரி உயரமாக வளர்கிற பாப்லர் மரங்களை நட்டார்களாம். உள்ளே போகுமுன் கைதிகள் வெளியே நின்ற மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், உள்ளே நின்ற மரம் அந்தத் துக்கம் தாங்காமல் வளரவில்லை என்று சொல்கிறார்கள். வெயில் படாத மூலையில் எந்த மரம் வளரும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வழிகாட்டிப் பெண்மணியிடம் சொல்லவில்லை. வெளியே நின்ற மரமும் இப்போது விழுந்துவிட்டது.

அந்த அறை கட்டுவதற்கு முன்பே இந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்களில் காங் ஊ-கியூ என்பவரை மறக்க முடியவில்லை. நாட்டு வைத்தியர். 1919 செப்டம்பரில் புதிதாக வந்திறங்கிய ஜப்பானிய கவர்னர் ஜெனரல் சைட்டோ மீது ரயில் நிலையத்தில் வெடிகுண்டு வீசியபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சைட்டோ பிழைத்துவிட்டார். வைத்தியரை 1920 நவம்பரில் இங்கே தூக்கிலிட்டார்கள். பேரன் பேத்தியோடு இருக்கிற வயதில் குண்டோடு ரயிலடிக்குப் போனவர். உடல்களை வெளியே கொண்டுபோக ஒரு சுரங்க வழி வைத்திருந்தார்கள், ஜனங்கள் பார்த்தால் பிரச்சினை ஆகும் உடல்களுக்காக. அதை மண் போட்டு மூடிவிட்டுப் போனார்கள், 1992-ல் தோண்டி எடுத்தார்கள்.

இது எல்லாம் ஜப்பான் மீது வெறுப்பை வளர்க்கத்தானே? ஜப்பானியர் யாராவது அங்கே போவார்களா?
– வாசகர், சென்னை

போகிறார்கள். 2001-ல் பிரதமராக இருந்தபோது ஜூனிசிரோ கொய்சுமி வந்து வருத்தம் தெரிவித்தார். 2015 ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் யுகியோ ஹடோயாமா வந்து நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்டு வணங்கினார். பதவியில் இல்லாதபோது மண்டியிடுவது சுலபம் என்று சொன்னவர்களும் உண்டு, இருக்கட்டும், மண்டியிட்டார் அல்லவா.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அடுத்த கடிதத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

1945-ல் ஜப்பான் போய்விட்டது. சிறை 1987 வரை நடந்தது என்கிறீர்கள். நடுவில் 42 வருடம் அங்கே யாரை அடைத்தார்கள்? திருடர்களையா?
– வாசகி, புதுச்சேரி

இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினேன் அம்மா. கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஜப்பானியர் கையில் 37 வருடம், கொரியர் கையில் 42 வருடம். கூடத்தில் சுற்றி வந்தால் அந்தக் கணக்கு தெரியாது. முதல் 37 வருடத்துக்கு அறை அறையாக இடம், பின் 42 வருடம் ஓர் ஓரத்தில். முன்பு அதுவும் இல்லை, பிறகுதான் மெல்லச் சேர்த்தார்கள் என்கிறார்கள், சேர்த்தவரை நல்லதுதான்.

திருடர்களும் இருந்திருப்பார்கள். ஜோ போங்-ஆமும் இருந்தார். ஜப்பானியர் காலத்தில் வருடக்கணக்காகச் சிறையில் கிடந்த விடுதலைப் போராளி. சுதந்திரக் கொரியாவின் முதல் விவசாய அமைச்சர், நிலச்சீர்திருத்தத்துக்கு வழி போட்டவர். 1956-ல் அதிபர் தேர்தலில், அப்போது அதிபராக இருந்த சிங்மன் ரீயை எதிர்த்து நின்று 20 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். அதுதான் அவர் செய்த தப்பு. வடகொரியாவின் உளவாளி என்று வழக்குப் போட்டு 1959 ஜூலை 31 அன்று இதே மர அறையில் தூக்கிலிட்டார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. 52 வருடம் கழித்து.

அப்புறம் 1975. பார்க் சுங்-ஹீ ஆட்சி. மக்கள் புரட்சிக் கட்சி என்று ஒன்றை மறுபடி கட்டப் பார்த்தார்கள் என்று சிலரைப் பிடித்து, அடித்து வாக்குமூலம் வாங்கி, எட்டுப் பேருக்குத் தூக்கு. ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மறுநாள் விடிகாலையிலேயே எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கிலிட்டுவிட்டார்கள். மறுவிசாரணை மனு, கருணை மனு, குடும்பம் கடைசியாக ஒரு முறை முகம் பார்ப்பது, எதற்கும் நேரமில்லை. 2007-ல் அவர்களும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தது. ஜப்பானியர் கட்டிய அதே அறை, அதே பலகை.

இன்னும் ஒன்று. அந்த பார்க் சுங்-ஹீயை 1979-ல் ஒரு விருந்தில் வைத்துச் சுட்டுக் கொன்றது அவருடைய உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே-கியூ. அவரையும் 1980 மே மாதம் இங்கேதான் தூக்கிலிட்டார்கள்.

கிம் கூ என்று ஒரு பெரிய தலைவர், பின்னாளில் ஷாங்காயில் இயங்கிய நாடுகடந்த கொரிய அரசை நடத்தியவர். அவர் 1911 வாக்கில் இந்தச் சிறையில் இருந்தார். முற்றம் பெருக்கவும் ஜன்னல் துடைக்கவும் விடுவார்களாம். பெருக்கிக்கொண்டே வேண்டிக்கொண்டாராம், என்றைக்காவது நமக்கென்று ஓர் அரசு வந்தால் அந்த அலுவலகத்து முற்றத்தையும் இப்படிப் பெருக்கி ஜன்னலையும் துடைத்துவிட்டு நான் சாக வேண்டும் என்று. தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அரசு வந்தது, 1948-ல். அடுத்த வருடம் ஒரு கொரிய ராணுவ அதிகாரி அவரை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். கூடத்தில் கிம் கூவின் படம் நன்றாகப் பெரிதாக இருக்கிறது. முற்றம் பெருக்கிய கதையும் சொல்கிறார்கள். யார் சுட்டது என்பதை நான் விடுதிக்கு வந்துதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சென்னை வாசகரே, வெறுப்பு வளர்கிறது என்பதல்ல என் குறை. அடுத்தவன் போட்ட பூட்டைக் காட்டுகிற வேகத்தில் பாதிகூட, நாமே போட்ட பூட்டைக் காட்டும்போது இல்லை என்பதுதான்.

பக்கத்தில் விடுதலை வாசல் என்று ஒன்று இருக்கிறதாம். ஜப்பான் போன பிறகு கட்டியதா?
– வாசகர், திருச்சி

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். 1897-ல் கட்டியது. ஜப்பானிடமிருந்து அல்ல, சீனப் பேரரசின் பிடியிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடிக் கட்டியது. சீனத் தூதர்களை வரவேற்ற பழைய வாசலை இடித்த இடத்தில், பாரிஸ் வெற்றி வளைவு மாதிரியில். பழைய வாசலின் இரண்டு கல்தூண்கள் இன்னும் முன்னால் நிற்கின்றன. வாசல் கட்டிய பதினோராவது வருடம் பக்கத்திலேயே சிறை வந்தது.

போக வேண்டும் என்றால் எப்படி, செலவு எவ்வளவு?
– வாசகர், சிங்கப்பூர்

மெட்ரோ 3-ஆம் லைன், தொங்னிம்முன் நிலையம், 5-ஆம் வாசல். பெரியவர்களுக்கு 3,000 வோன், ஒரு காபி விலைகூட இல்லை. திங்கள்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், மத்தியானம் ஒரு மணிக்காவது உள்ளே இருங்கள். தூக்கு அறைக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் நடக்கும்போது தரையைப் பாருங்கள், செங்கல் பதித்திருக்கும், சிலவற்றில் 'கியோங்' என்ற ஒரே ஒரு சீன எழுத்து அச்சிட்டிருக்கும். தலைநகர் என்று அர்த்தம், இந்தச் சிறையின் முத்திரை. கைதிகளே சுட்ட செங்கல். நான் பாதி தூரம் மிதித்துக்கொண்டு போன பிறகுதான் கவனித்தேன்.